வைக்கோல், சாம்பல், காரீயம்: போருக்குப் பிந்தைய ஐரோப்பியக் கலையில் பொருள்களின் சாட்சியம்



என்னை அழைத்தவர்கள் 'இன்றைய ஐரோப்பிய ஓவிய, சிற்பக் கலைஞர்கள்' என்று ஒரு தலைப்பைக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு கண்டத்தைச் சுற்றிக் காட்ட என்னால் ஆகாது. பெயர்களை வரிசையாக வாசித்தால் உங்களுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. ஆகவே ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். போரில் சிறுவராய் இருந்தவர்கள், போர் முடியும்போது பிறந்தவர்கள், அவர்களுக்கு அடுத்த தலைமுறையினர் என்று ஐரோப்பியக் கலைஞர்கள் பலர் வண்ணக்குழம்பையும் வெண்கலத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது என்று முடிவு கட்டினார்கள். வைக்கோலும் சாம்பலும் சாக்குத்துணியும் சோப்பும் மெழுகும் கான்கிரீட்டும் ஓவியக்கூடத்துக்குள் வந்தன. புதுமை காட்டும் ஆசையில் வந்தவையும் அவற்றில் உண்டு, அவற்றை விட்டுவிடுவோம். வேறு வழியில்லாமல் வந்தவற்றைப் பற்றித்தான் இன்று பேச்சு.

1980ஆம் ஆண்டின் வெனிஸ் பியனாலேயிலிருந்து தொடங்கலாம். ஜியார்தினி என்ற பூங்காவுக்குள் நாட்டுக்கு ஓர் அரங்கு என்று நிரந்தரக் கட்டடங்கள் நிற்கும் கண்காட்சி அது. ஜெர்மனியின் அரங்கு 1938இல் நாஜி அரசு தன் ரசனைப்படி மாற்றிக் கட்டியது. சதுரத் தூண்கள், வெறுமையான முகப்பு. உள்ளே நுழைபவரைச் சிறுத்துப்போகச் செய்யும் உயரம். அந்த ஆண்டு மேற்கு ஜெர்மனிக்காக அங்கே நின்றவர்கள் இருவர்: கேயார்க் பாசெலிட்ஸ், அன்செல்ம் கீஃபர். பாசெலிட்ஸ் கொண்டுவந்தது தம் முதல் சிற்பத்தை. மரக்கட்டையிலிருந்து பாதி எழுந்து உட்கார்ந்த ஓர் உருவம், ஒரு கையை உயர்த்தியிருக்கிறது. நாஜி வணக்கம்தான் இது என்று கொதித்தவர்கள் உண்டு. ஆப்பிரிக்கச் சிற்பத்தின் கைவீச்சு என்று விளக்கம் சொன்னவர்களும் உண்டு. கீஃபரின் படங்களில் மரப்பரண்களும் நெருப்பும் ஜெர்மானியப் பெருமிதப் பெயர்களும். ஜெர்மன் விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். புதைத்ததை ஏன் தோண்டுகிறான் இந்தப் பையன் என்பதே அவர்களுடைய எரிச்சலின் சாரம்.

அதே பூங்காவில் கால்வாய்ப் பாலத்தைக் கடந்தால் போலந்தின் அரங்கு. அங்கே மக்தலேனா அபகனோவிச் பழைய சாக்குத்துணியை அடைத்துத் தைத்து, கருக்களோ கிழங்குகளோ பாறைகளோ என்று சொல்ல முடியாத நூற்றுக்கணக்கான உருண்டைகளைத் தரையில் குவித்திருந்தார். கைக்குள் அடங்குபவை முதல் ஆளை மறைப்பவை வரை. அந்தக் கோடையில்தான் கதான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம் வெடித்து 'சாலிடாரிட்டி' தொழிற்சங்கம் பிறந்தது. போரை நடத்திய நாட்டின் பிள்ளைகள் பாலத்துக்கு இந்தப் பக்கம். போரில் மிதிபட்ட நாட்டின் மகள் அந்தப் பக்கம். இருசாராரும் முன்பே பேசி வைத்துக்கொண்டவர்கள் அல்லர். ஆனாலும் இரண்டு இடத்திலும் அழகாய்த் தீட்டிய படத்தின் மேல், மெருகேற்றிய சிலையின் மேல் ஓர் அவநம்பிக்கை தெரிந்தது.

அந்த அவநம்பிக்கைக்குக் காரணம் எளிது. நாஜி ஆட்சி கலையை வெறுத்த ஆட்சி அல்ல. அளவுக்கு மீறிக் காதலித்த ஆட்சி. புராணம், வீரம், கதிர் விளைந்த வயல், திடகாத்திரமான உடல் எல்லாவற்றையும் அது சிலையாக்கியது, படமாக்கியது, ஊர்வலமாக்கியது. போர் முடிந்தபோது ஜெர்மன் ஓவியனிடம் மிஞ்சியிருந்த உருவங்களில் கறைபடாதது மிகக் குறைவு. ஒரு கோதுமை வயலைக்கூட அவனால் கூச்சமில்லாமல் வரைய முடியவில்லை.

கீஃபர் பிறந்தது 1945 மார்ச் 8 அன்று, தென்மேற்கு ஜெர்மனியில் டோனாவெஷிங்கன் என்ற ஊரில். போர் முடிய இன்னும் இரண்டு மாதம். தான் பிறந்த இரவில் வீட்டின் மேல் குண்டு விழுந்தது என்பதும், சிறுவயதில் தனக்கு விளையாட்டுச் சாமான் இடிபாட்டுச் செங்கல்தான் என்பதும் அவர் பலமுறை சொல்லும் கதை. அந்தத் தலைமுறைக்குப் பள்ளியில் அண்மைக்கால வரலாற்றை அவசர அவசரமாகச் சொல்லி முடித்தார்கள். வீட்டில் அப்பாக்கள் வாயே திறக்கவில்லை. கீஃபர் முதலில் சட்டம் படிக்கப் போனார், பாதியில் விட்டுவிட்டு ஓவியத்துக்கு வந்தார். 1969இல், 24 வயதில், அவர் செய்த காரியம் இன்றும் உறுத்துகிறது. தந்தையின் ராணுவ உடுப்பை அணிந்துகொண்டு சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி என்று போய், நினைவுச் சின்னங்களின் முன்னும் கடற்கரையிலும் நின்று நாஜி வணக்கம் செய்து தன்னைப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். மேற்கு ஜெர்மனியில் அந்தச் சைகை சட்டப்படி குற்றம். 'ஆக்கிரமிப்புகள்' என்று அந்தத் தொடருக்குப் பெயர். 1975இல் ஒரு கலை இதழில் அந்தப் படங்கள் வந்தபோது பெரும் கூச்சல் எழுந்தது.

அந்தப் படங்களை உற்றுப் பார்த்தால் வீரம் எதுவும் தெரியாது. பெரிய நிலப்பரப்பில் ஒரு சின்னப் பையன் பொருந்தாத உடையில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்கிறான். ஆனால் ஒரு சிக்கல். படத்தில் அந்தக் கேள்வி தெரிவதில்லை, வணக்கம்தான் தெரிகிறது. உருவம் ஒருமுறை கறைபட்டால் நையாண்டியும் அதைக் கழுவாது. இந்த இடத்தில்தான் கீஃபர் உருவத்தை விட்டுப் பொருளுக்குத் திரும்பினார் என்பது என் ஊகம்.

பொருளின் பக்கம் அவருக்குக் கதவைத் திறந்தவர் யோசஃப் பாய்ஸ். 1970களின் தொடக்கத்தில் கீஃபர் தம் வேலைகளை டுஸ்ஸெல்டார்ஃபுக்கு எடுத்துப்போய் அவரிடம் காட்டினார். கொழுப்பும் கம்பளியும் பாய்ஸின் பொருள்கள். அவர் போரில் ஜெர்மன் விமானப்படையில் இருந்தவர். 1944இல் கிரிமியாவில் விமானம் விழுந்தபோது தத்தார் நாடோடிகள் தன் உடம்பில் கொழுப்பைத் தடவிக் கம்பளியில் சுற்றிக் காப்பாற்றினார்கள் என்று சொல்லிவந்தார். பின்னால் ஆவணங்களைப் பார்த்தவர்கள் வேறு செய்தி சொன்னார்கள்: அவரைக் கண்டெடுத்தது ஜெர்மன் தேடுதல் குழு, கொண்டுபோனது ராணுவ மருத்துவமனைக்கு. தத்தார்கள் கதையில் மட்டுமே வந்தார்கள். பாய்ஸை இகழ இதைச் சொல்லவில்லை. அவர் பெரிய கலைஞர். ஆனால் பொருளைச் சாட்சிக்கூண்டில் ஏற்றும் கலைக்கு ஒரு எச்சரிக்கை அதில் இருக்கிறது: கொழுப்பும் கம்பளியும் தாமாக எதையும் சொல்லிவிடுவதில்லை, பக்கத்தில் நிற்பவர் சொல்லும் கதையைத்தான் நாம் அவற்றின் மேல் ஏற்றிப் பார்க்கிறோம். பொய்ச்சாட்சிக்கும் அங்கே இடமுண்டு.

கீஃபரின் வைக்கோல் அப்படிப்பட்டதா? இல்லை என்று நினைக்கிறேன். 1981இலிருந்து அவர் பவுல் செலானின் 'மரண ஃபியூக்' கவிதையைச் சுற்றித் தொடர்ந்து வரைந்தார். செலான் அன்றைய ருமேனியாவின் செர்னோவிட்ஸ் நகரில் ஜெர்மன் மொழி பேசும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தாயும் தந்தையும் முகாமில் மாண்டார்கள். தாயைக் கொன்றவர்களின் மொழியே தாய்மொழியும். அதே மொழியில் எழுதி, 1970இல் பாரிஸில் சேன் ஆற்றில் விழுந்து இறந்துபோனார். அந்தக் கவிதையில் இரண்டு பெண்கள் வருகிறார்கள்: பொன்னிறக் கூந்தலுள்ள ஜெர்மானிய மார்கரெட்டே, சாம்பல் நிறக் கூந்தலுள்ள யூதப்பெண் சூலமித். கீஃபர் மார்கரெட்டேயின் முகத்தை வரையவில்லை. பல படங்களில் உழுத கரிய வயல். அதன்மேல் கற்றையாக வைக்கோலை ஒட்டினார். அதுதான் அவள் கூந்தல். பக்கத்தில் ஒரு கரிய வளைகோடு, அது சூலமித்.

வைக்கோலைப் பற்றி இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மின்னும், காயும், மக்கும், மாட்டுக்கு இரையாகும், ஒரு பொறி பட்டால் சாம்பலாகும். இந்தக் கடைசிக் குணம்தான் கீஃபருக்கு வேண்டியிருந்தது. மார்கரெட்டேயின் பொன் சூலமித்தின் சாம்பலாக ஆவதற்கு இடையில் ஒரு தீக்குச்சி தூரம்தான். இருவரும் ஒரே வயலில் விளைந்தவர்கள், ஒருத்தியை எரித்த நெருப்பு மற்றவளையும் வெறுமையாக்கியது என்று நூறு பக்கம் எழுதலாம்; அந்தப் பொருளே அதைச் செய்துவிடுகிறது. தீட்டிய மஞ்சள் நிறத்தால் இது முடியாது. மஞ்சள் வண்ணம் எரிந்தால் மஞ்சள் வண்ணம் எரிந்தது என்பதோடு சரி.

1983இல் வந்த 'சூலமித்' இன்னொரு விதம். கிட்டத்தட்ட மூன்று மீட்டர் உயரம், நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம். எண்ணெய் வண்ணம், அரக்கு, மரச்செதுக்கு அச்சு, வைக்கோல் எல்லாம் கலந்த பரப்பு. செங்கல் வளைவுகள் தாழ்ந்து கவிந்த ஒரு நிலவறை மண்டபம், புகையேறிக் கறுத்திருக்கிறது. இந்த மண்டபம் கற்பனையல்ல. ஜெர்மன் வீரர்களுக்கான நினைவு மண்டபமாக நாஜிக் கட்டடக் கலைஞர் வில்ஹெல்ம் க்ரைஸ் போட்ட வடிவமைப்பு. கீஃபர் அதை அப்படியே எடுத்து, கடைக்கோடியில் சின்னதாக ஏழு சுடர்களை வைத்தார், யூதர்களின் ஏழுகிளை விளக்குப் போல. மேலே இடது மூலையில் வெள்ளை எழுத்தில் ஒரு பெயர். அவ்வளவுதான். கொன்றவர்களுக்காகத் திட்டமிட்ட நினைவிடம் கொல்லப்பட்டவளுடைய நினைவிடமாகிவிட்டது; அதேசமயம் பார்ப்பவனுக்கு அது ஒரு சூளையின் உட்புறமாகவும் தெரிகிறது. என்னைக் கேட்டால் கீஃபர் இதைவிட நல்ல படம் வரையவில்லை. அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் வரைந்துகொண்டிருக்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு இடைக்குறிப்பு. புத்தகத்திலும் திரையிலும் இந்தப் படங்களைப் பார்ப்பதில் பெரிய இழப்பு உண்டு. வண்ணமும் களிமண்ணும் வைக்கோலும் விரற்கடைக் கனத்துக்கு மேலே பொருக்குத் தட்டி நிற்பவை இவை. கீஃபர் கான்வாஸைத் தரையில் கிடத்தி நெருப்பால் பொசுக்குவார், மழையிலும் வெயிலிலும் போட்டுவைப்பார், மேலே உருக்கிய காரீயத்தை ஊற்றுவார், காய்ந்ததும் உரித்தெடுப்பார். நம்மில் பெரும்பாலோர் பார்க்கும் அச்சுப்படத்தில் இவையெல்லாம் வழவழப்பான தாளாகிவிடும். இன்று நான் காட்டும் படங்களுக்கும் அந்தக் குறை உண்டு.

காரீயத்துக்கு வருவோம். பழைய வீட்டில் குழாய் பழுது பார்க்கும்போது காரீயம் தன் கைக்கு அறிமுகமானது என்பார் கீஃபர். 1985இல் கொலோன் பேராலயத்தின் கூரையில் வேய்ந்திருந்த பழைய காரீயத் தகடுகளை மாற்றியபோது, கழற்றிய தகடுகளில் பெரும்பங்கை அவர் விலைக்கு வாங்கினார். கொலோன் நகரம் குண்டுவீச்சில் தரைமட்டமானபோது அந்த ஆலயம் மட்டும் அடிபட்டும் நின்றது. இரும்பைவிடக் கனமான, ஆனால் கையால் வளைக்கக்கூடிய உலோகம் காரீயம். சரிவான கூரையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் தன் எடையாலேயே மெல்ல இறங்கும், சுருங்கும், கிழியும். துப்பாக்கிக் குண்டு, அச்செழுத்து, சவப்பெட்டி உறை, கதிர்வீச்சுத் தடுப்பு எல்லாம் இதுதான். இடைக்கால ரசவாதிகளுக்கோ பொன்னாக்கப் பார்த்த கீழ்ப்பட்ட உலோகம். சனிக் கிரகத்துக்கு உரியது. இத்தனை வேலை பார்த்த ஒரு பொருளின் மேல் கதை ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை.

அந்தத் தகடுகளிலிருந்து புத்தகங்கள் வந்தன. 1985க்கும் 1989க்கும் இடையில் அவர் செய்த 'இருநதி நிலம்' என்ற படைப்பு இப்போது ஓஸ்லோவில் ஆஸ்ட்ரூப் ஃபேர்ன்லி அருங்காட்சியகத்தில் இருக்கிறது: இரண்டு பெரும் அலமாரிகளில் ஏறத்தாழ 200 காரீயப் புத்தகங்கள். ஒருவர் தனியாகத் தூக்கிப் புரட்ட முடியாத கனம். பக்கங்களுக்குள் முகில்களின், நிலங்களின் புகைப்படங்களும் உலர்ந்த பட்டாணியும் முடியும் இருப்பதாகப் பட்டியலில் இருக்கிறது. பார்வையாளனுக்குத் தெரிவது வளைந்து கிடக்கும் கருஞ்சாம்பல் விளிம்புகள் மட்டுமே. குண்டுகூட இறங்காத புத்தகம்; ஆனால் படிக்க முடியாத புத்தகம்.

அபகனோவிச்சின் கதையில் பொருள் வேறு வாசல் வழியாக வந்தது. 1930இல் வார்சாவுக்கு அருகே நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தவர். 1943இல் வீட்டுக்குள் நுழைந்த ஜெர்மன் படையாட்கள் சுட்டதில் தாயின் கை துண்டானதைச் சிறுமியாக நேரில் கண்டார். போர் முடிந்ததும் சோஷலிச யதார்த்தவாதம் கோலோச்சிய கலைப்பள்ளியில் படிப்பு. ஓவியம், சிற்பம் என்றால் அதிகாரிகளின் கண் இருக்கும்; நெசவு கைத்தொழில்தானே என்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. நெசவுக்கு இன்னொரு வசதி: சின்ன அறையில் வசிப்பவர் வேலை முடிந்ததும் சுருட்டி ஓரமாக வைக்கலாம். விஸ்துலா ஆற்றங்கரையில் கழித்துப்போட்ட கப்பல் கயிறுகளைப் பொறுக்கி வந்து, பிரித்து, கழுவி, சாயம் தோய்த்து நெய்தார். 1960களில் அந்த நெசவு சுவரைவிட்டு இறங்கி நடு அறையில் தொங்கியது. நான்கு மீட்டர், ஐந்து மீட்டர் உயரத்தில், பிளவுகளும் மடிப்புகளும் கொண்ட, நார்வாசம் வீசும் உருவங்கள். இவற்றுக்கு வகைப்பெயர் கிடைக்காமல் விமர்சகர்கள் அவர் பெயரையே வெட்டி 'அபகான்' என்றார்கள். 1965இல் சாவோ பாவ்லோ பியனாலேயில் தங்கப் பதக்கம் கிடைத்தது.

என்னை அதிகம் பிடித்துவைத்திருப்பது அவருடைய 'முதுகுகள்'. 1976க்கும் 1980க்கும் இடையில் செய்தது. ஓர் ஆளின் முதுகில் எடுத்த அச்சில் சாக்குத்துணியையும் பிசினையும் அழுத்திக் காயவைத்து எடுத்த 80 வார்ப்புகள். தலை கிடையாது, கை கிடையாது, முன்பக்கமும் கிடையாது; எட்டிப் பார்த்தால் உள்ளே ஓடுபோல வெறுமை. எல்லாம் ஒரே அச்சு, ஆனால் துணி சுருங்கிய விதத்தால் ஒன்று போல் இன்னொன்று இல்லை. முகாமில் உட்கார்ந்திருப்பவர்களா, சடங்கு செய்கிறார்களா என்று அவரைக் கேட்டவர்கள் உண்டு. ஒன்றை மட்டும் தேர்ந்து அவர் உறுதிப்படுத்தவில்லை. போலந்துக்காரருக்குப் போரும் தெரியும், அதன்பின் நாற்பது ஆண்டுக் கூட்ட மேடைகளும் தெரியும். அபகனோவிச் 2017இல் காலமானார். சிகாகோவில் 2006இல் நிறுவிய 106 இரும்பு உருவங்களின் கூட்டம் அவருடைய பிற்காலப் பெரும்பணி. நடந்துகொண்டிருக்கும், தலையில்லாத இரும்பு ஆட்கள். சாக்குத்துணியில் இருந்த அச்சம் இரும்பில் இல்லை என்று எனக்குப் படுகிறது. இரும்பு எதற்கும் அஞ்சாதே.

இனி 1993. மறுபடியும் வெனிஸ், அதே ஜெர்மன் அரங்கு. கொலோனில் பிறந்து நியூயார்க்கில் வாழும் ஹான்ஸ் ஹாக்கே அரங்கின் பளிங்குத் தரையை உடைத்துப்போட்டார். உள்ளே போகிறவர்கள் அசையும் கற்பாளங்களின் மேல் தடுமாறி நடந்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் கல்லோடு கல் மோதும் ஓசை. எதிர்ச்சுவரில் 'ஜெர்மானியா' என்ற சொல். வாசலில் ஹிட்லர் 1934இல் அந்தக் கண்காட்சிக்கு வந்தபோது எடுத்த புகைப்படம். ஹாக்கே புதிதாக எதையும் செய்யவில்லை; இருந்த பொருளைப் பேச வைத்தார். சிறந்த அரங்குக்கான தங்கச் சிங்கம், அந்த அரங்கில் உடன் பங்கேற்ற கலைஞர் நாம் ஜூன் பைக்கோடு சேர்த்து ஜெர்மனிக்குக் கிடைத்தது.

அந்த ஆண்டு போலந்து அரங்கில் மிரோஸ்வாவ் பால்கா ஒரு நடைவழியின் சுவரில் சோப்பைப் பூசியிருந்தார். பால்கா 1958இல் பிறந்தவர். வார்சாவுக்கு அருகேயுள்ள ஓத்வோட்ஸ்கில் வளர்ந்த வீட்டையே கலைக்கூடம் ஆக்கிக்கொண்டவர். கல்லறைக் கல் செதுக்கும் குடும்பம். அந்த ஊரிலிருந்துதான் 1942இல் ஆயிரக்கணக்கான யூதர்களை ட்ரெப்லிங்கா கொலைமுகாமுக்கு ரயிலேற்றினார்கள். சோப்பு என்றால் குளியல், குழந்தை, சுத்தம். அந்த நிலத்தில் சோப்பு என்றால் வேறு சிலவும் நினைவுக்கு வரும். விளக்கப் பலகை வேண்டியதில்லை, மூக்கு போதும். தம் படைப்புகள் பலவற்றுக்கு அவர் தலைப்பே வைப்பதில்லை. நீள அகல உயரம் மட்டும். அந்த எண்களில் 190 அடிக்கடி வரும். அது சென்டிமீட்டரில் அவருடைய உயரம்.

அதே 1993இல் லண்டனின் கிழக்குப் பகுதியில் சிற்பி ரேச்சல் வைட்ரீட் செய்ததுதான் இந்த வரிசையில் மிகத் துணிச்சலானது. க்ரோவ் சாலையில் ஒட்டு வீடுகளை ஒவ்வொன்றாக இடித்துப் பூங்காவாக்கிக்கொண்டிருந்தார்கள்; கடைசியாக நின்ற ஒரு வீடு கிடைத்தது. புது அடித்தளம் போட்டு, உள்சுவர்களின் மேல் கம்பி வலை கட்டிக் கான்கிரீட்டைப் பீய்ச்சி, அது இறுகியபின் வெளியே இருந்த வீட்டைச் செங்கல் செங்கலாக உரித்தெடுத்தார்கள். மிஞ்சியது வீட்டுக்குள் இருந்த காற்றின் திட உருவம். அடுப்பங்கரைக் குழி வெளியே புடைத்து நிற்கிறது, கதவுப்பிடி குழியாகிவிட்டது, மின்விசைப் பலகையின் தடம் தெரிகிறது. யாரோ சுவரில் 'எதற்கு?' என்று எழுத, அதன்கீழ் இன்னொருவர் 'ஏன் கூடாது!' என்று எழுதினார். நவம்பர் 23ஆம் தேதி அவருக்கு பிரிட்டனின் கலைப் பரிசான டர்னர் பரிசை அறிவித்தார்கள். அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். அதே நாளில் உள்ளாட்சி மன்றம் வீட்டை இடிக்கத் தீர்மானம் போட்டது. ஆண்டின் மிக மோசமான கலைஞர் என்று ஒரு குழு அவருக்கு 40,000 பவுண்டு 'பரிசு' வேறு கொடுத்தது. டர்னர் பரிசைவிட இருமடங்கு! 1994 ஜனவரி 11 அன்று புல்டோசர் வந்தது.

இந்த வேலையைப் பார்த்த பிறகுதான் வியன்னா நகரின் யூடன்பிளாட்ஸ் சதுக்கத்தில் அவர் வைத்த நினைவுச்சின்னம் புரியும். வியன்னாவில் அதற்கு முன்பே 1988இல் ஒரு சின்னம் வைத்திருந்தார்கள், ஆல்ஃப்ரெட் ஹர்ட்லிச்கா செய்தது. நாஜிகள் யூதர்களைத் தெருவைத் தேய்த்துக் கழுவ வைத்த நிகழ்ச்சியை வைத்து, மண்டியிட்டுத் தூரிகையால் தரையைத் தேய்க்கும் ஒரு முதியவரின் வெண்கல உருவம். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் சுற்றுலா வந்தவர்கள் அதன் முதுகில் உட்கார்ந்து இளைப்பாறத் தொடங்கினார்கள்! கடைசியில் அந்த முதுகில் முள்கம்பி பொருத்த வேண்டியதாயிற்று. அவமானப்பட்டவனை உருவமாக்கினால் அவன் மறுபடி அவமானப்படக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நாஜிக் குற்றவாளிகளைத் தேடிப் பிடித்த சீமோன் வீசெந்தால் அதனால் நொந்துதான் இன்னொன்று வேண்டும் என்று கேட்டார். வைட்ரீட் அமைத்தது ஒரு நூலக அறையின் கான்கிரீட் வார்ப்பு. புத்தகங்களின் முதுகு நமக்குத் தெரியாது. தாள் விளிம்புகள் மட்டும் வெளிப்பக்கம் நோக்கி அடுக்கடுக்காக. இரட்டைக் கதவு உண்டு, கைப்பிடி கிடையாது. கொலையுண்ட 65,000 ஆஸ்திரிய யூதர்களுக்கான சின்னம். தோண்டும்போது கீழே 1421இல் அழிக்கப்பட்ட தொழுகைக்கூடத்தின் மிச்சம் கிடைத்தது. சதுக்கத்துக் கடைக்காரர்கள் ஆட்சேபித்தார்கள். 1996இல் முடிய வேண்டியது 2000 அக்டோபரில் திறந்தது. பக்கத்தில் நின்றால் முதலில் இது என்ன கட்டடம் என்றே தோன்றும். அழகில்லை. உட்கார இடமில்லை.

கீஃபரின் புத்தகமும் படிக்க முடியாது, வைட்ரீடின் புத்தகமும் படிக்க முடியாது. ஆனால் கீஃபரின் புத்தகத்தில் ஒரு கம்பீரம் இருக்கிறது, வைட்ரீடிடம் இல்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

1990களின் தொடக்கத்தில் கீஃபர் ஜெர்மனியை விட்டுத் தெற்குப் பிரான்சின் பார்ஜாக் ஊருக்குப் போனார். பழைய பட்டுத் தொழிற்சாலை ஒன்றும் அதைச் சுற்றிப் பல பத்து ஹெக்டேர் நிலமும். அங்கே சுரங்கப்பாதைகள் வெட்டினார், கண்ணாடி இல்லங்கள் கட்டினார், கப்பல் சரக்குப் பெட்டிகளையே அச்சாக வைத்துக் கான்கிரீட் கோபுரங்கள் எழுப்பினார். அடுத்தது பாரிஸுக்கு வெளியே க்ரோயஸியில் ஒரு பேரங்காடியின் பழைய கிடங்கு. உள்ளே மிதிவண்டியில் சுற்றுகிறார். 2007இல் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நிரந்தரப் படைப்பு, 1953இல் ஓவியர் ப்ராக்குக்குப் பிறகு அந்த வாய்ப்பு இவருக்குத்தான். 2020இல் பாரிஸ் பாந்தியோன். 2022இல் வெனிஸ் ஆட்சியரின் மாளிகையில் ஒரு பெருங்கூடத்தின் சுவர்களை முழுக்க மறைத்த ஓவியங்கள். மறு ஆண்டு திரைப்பட இயக்குநர் விம் வெண்டர்ஸ் இவரைப் பற்றி முப்பரிமாணப் படமே எடுத்தார். அதே காரீயம், அதே வைக்கோல், அதே சாம்பல். ஆனால் பொன்முலாம் பூசிய கூரையின் கீழ் மாடி உயரத்துக்கு எழும் சாம்பல் யாருக்காகச் சாட்சி சொல்கிறது? பளிங்கிலும் வெண்கலத்திலும் பிரமாண்டத்தைக் கண்டு அஞ்சித்தான் இந்தப் பொருள்களிடம் அவர் வந்தார். பிரமாண்டம் பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துகொண்டது. இப்படிச் சொல்வதால் அவரை நேசிப்பவர்கள் என்மேல் கோபப்படுவார்கள் என்று தெரியும்.

ஒரு விலக்கு உண்டு. மிலான் நகரில் பழைய ரயில் எஞ்சின் தொழிற்கூடமான ஹாங்கர்பிகோக்காவில் 2004இல் அவர் எழுப்பிய ஏழு கோபுரங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 90 டன். மாடிக்கு மாடி சரியாகப் பொருந்தாமல் சாய்ந்து நிற்கின்றன. சமநிலைக்கு இடுக்குகளில் காரீய ஆப்புகளையும் காரீயப் புத்தகங்களையும் செருகியிருக்கிறார். விழுந்துவிடுமோ என்று பார்வையாளன் ஓரடி பின்வாங்குவான். அந்த அச்சம் இருக்கும்வரை அவை நினைவுச்சின்னமாக இறுகிப்போவதில்லை.

அழிவு இந்தக் கலையின் உள்ளேயே இருக்கிறது என்பதை அருங்காட்சியகங்கள் தினமும் அறிகின்றன. ஒட்டிய வைக்கோல் உதிர்கிறது. அரக்கு மஞ்சளாகிறது. காரீயம் வெண்பூஞ்சணம் போல் உப்புப் பூக்கிறது. அதன் தூசி நஞ்சு. உதிர்ந்ததைத் திரும்ப ஒட்டுவதா, அப்படியே விடுவதா? மாறுவது வேலையின் ஒரு பகுதி என்று கீஃபர் சொல்லிவிடுகிறார். கோடிகள் கொடுத்து வாங்கியவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. 2016இல் க்ரோயஸி கூடத்தில் திருடர்கள் புகுந்து ஒரு காரீயச் சிற்பத்தைத் தூக்கிப் போனார்கள். பழைய உலோக விலைக்கு உருக்கி விற்பதற்காகத்தான் இருக்கும் என்று போலீசார் கருதினார்கள். பொருளைப் பொருளாகவே மதித்த விமர்சகர்கள் அந்தத் திருடர்கள்.

கடைசியாக பெல்ஜியத்தின் பெர்லிண்டே த ப்ருய்கெரே. 1964இல் கென்ட் நகரில் பிறந்தவர், கசாப்புக் கடைக்காரரின் மகள். மெழுகு, குதிரைத்தோல், கம்பளிப் போர்வை இவருடைய பொருள்கள். ஈப்ர நகரின் முதல் உலகப் போர் அருங்காட்சியகத்துக்காக ஆவணப் புகைப்படங்களைப் புரட்டியபோது, மனிதர் வெளியேறிய தெருக்களில் செத்துக் கிடந்த குதிரைகள் அவர் கண்ணில் தங்கின. அதிலிருந்து வந்தவை குதிரைத்தோலைத் தைத்துப் போர்த்திய, கண்ணும் வாயும் இல்லாத, உயிர்ப்பருமன் உள்ள உடல்கள். எந்தப் போரையும் இவர் நேரில் கண்டவரல்லர். பெற்றோரிடமிருந்து கேட்டதுகூட அல்ல, புகைப்படத்திலிருந்து பெற்றது. 2013இல் வெனிஸின் பெல்ஜிய அரங்கில் விழுந்து கிடந்த ஒரு பெருமரத்தை மெழுகில் வார்த்து, காயத்துக்குக் கட்டுவது போல் துணியால் கட்டி வைத்தார்.

அண்மை ஆண்டுகளில் அவர் பழைய கம்பளிப் போர்வைகளைக் கூடத்தின் முற்றத்தில் மாதக்கணக்கில் மழைக்கும் வெயிலுக்கும் போட்டுவைக்கிறார். நிறம் வெளுத்து, ஓட்டை விழுந்து, பாசி படிந்த பிறகே அவற்றை எடுத்து அடுக்கிப் படைப்பாக்குகிறார். முதலில் போர்வை அவரிடம் அடைக்கலத்தின் அடையாளமாக வந்தது: அகதியைச் சுற்றியது, படுக்கைக்கு மேல் கிடந்தது. இப்போது அந்தப் போர்வையே யாரையும் மூட முடியாத நிலையில் இருக்கிறது. கீஃபரின் வைக்கோல் அருங்காட்சியகத்துக்குப் போன பிறகு உதிர்கிறது; இவர் உதிர வேண்டியதையெல்லாம் முற்றத்திலேயே உதிர விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் உள்ளே அனுப்புகிறார். அதை வாங்கும் காப்பாளருக்கு இனி கவலை குறைவு என்று நான் எண்ணியிருந்தேன். ஆனால் ஓட்டை விழுந்த கம்பளியில் பூச்சி வராமல் காப்பது ஓட்டை இல்லாத கம்பளியைக் காப்பதைவிடக் கடினம் என்று ஒரு பாதுகாப்பு வல்லுநர் சிரித்துக்கொண்டே திருத்தினார்.